வீட்டுக்குள் செடி, வெளியே மூடுபனி: வாசகர் கேள்வி – பதில்

செடி வளர்ப்புப் பற்றி வந்த கடிதங்களில் பல ஒரே இடத்தில்தான் முட்டுகின்றன. கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பொருந்தும் தண்ணீர்க் கணக்கை ஹட்டனிலும் நுவரெலியாவிலும் அப்படியே கடைப்பிடிக்கிறோம். கடல் மட்டத்திலிருந்து 1000 மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை செல்சியஸ் குறையும். கண்டி சுமார் 500 மீற்றர், பதுளை 680, பண்டாரவளை 1230, ஹட்டன் 1270, நுவரெலியா 1868. கீழே உள்ள பதில்களை உங்கள் ஊரின் உயரத்தை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

கேள்வி: ஸ்னேக் பிளாண்டுக்கு வாரத்தில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றினால் போதும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அப்படியே செய்தேன். ஜூலை மாதம் இலைகள் அடியில் மஞ்சளாகி, தொட்டால் கூழாகி, ஒவ்வொன்றாகச் சாய்ந்துவிட்டன. பக்கத்தில் இருந்த மணி பிளாண்டும் மஞ்சளாகிறது. இது என்ன நோய்? என்ன மருந்து தெளிக்கலாம்?
– வாசகி, ஹட்டன்

பதில்: மருந்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். வேர் மூச்சு முட்டி அழுகியிருக்கிறது.

செடி எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதை வெளிச்சமும் சூடும்தான் தீர்மானிக்கின்றன. தென்மேல் பருவமழைக் காலத்தில் உங்கள் பக்கம் நாட்கணக்கில் வெயில் தெரியாது. காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், அறையும் குளிர்ந்திருக்கும். இலை வழியே போகும் நீர் மிகக் குறைவு, சாடி மண்ணும் காயாது. கொழும்பில் நாலைந்து நாளில் காயும் அதே சாடி, ஹட்டனில் மூன்று வாரமானாலும் ஈரமாகவே இருக்கலாம். மண்ணின் துளைகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் நின்றால் வேருக்கு ஒட்சிசன் கிடைக்காது. வேர் சாகும், செத்த வேரில் அழுகல் கிருமிகள் புகும். வேர் இல்லாத செடி தண்ணீர் இழுக்க முடியாமல் வாடும். வாடுகிறதே என்று நாம் இன்னும் ஊற்றுவோம். பெரும்பாலான செடிகள் கைவிட்டுப் போவது இந்த இரண்டாவது ஊற்றலில்தான்.

ஆகவே நாள் கணக்கை மறந்துவிடுங்கள். விளக்குமாற்றிலிருந்து காய்ந்த ஈர்க்கு ஒன்றை உருவி, சாடியின் ஓரமாக அடிவரை குத்தி, பத்து நிமிடம் விட்டு எடுங்கள். ஈர்க்கு கறுத்து, மண் ஒட்டிக்கொண்டு வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஸ்னேக் பிளாண்டுக்கு ஈர்க்கு அடிவரை காய்ந்து வந்தபின், இன்னும் ஒரு வாரம் பொறுத்து ஊற்றுங்கள். மழைக்காலத்தில் அது மாதம் ஒரு முறையாகவும் இருக்கலாம், ஆறு வாரத்துக்கு ஒரு முறையாகவும் இருக்கலாம். மணி பிளாண்டுக்கு மேல் பாதி காய்ந்தால் போதும். கொஞ்ச நாளில் சாடியைத் தூக்கிப் பார்த்தே பாரத்தில் சொல்லிவிடுவீர்கள்.

பதுளை, பண்டாரவளை வாசகர்கள் இதை மாற்றிப் படிக்க வேண்டும். ஜூலை, ஓகஸ்ட்டில் அங்கே வறண்ட காற்று அடிக்கும். அதே மாதத்தில் உங்கள் சாடி வேகமாகக் காயும், பன்னச் செடிகளின் இலை நுனி கருகும். உங்களுக்கு மழையும் எச்சரிக்கையும் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை.

இப்போது இருக்கும் செடியைக் காப்பாற்றும் வழி: சாடியைக் கவிழ்த்துச் செடியை வெளியே எடுங்கள். வேரைக் கழுவுங்கள். கறுத்து, நசுங்கி, நாற்றமடிக்கும் எல்லாவற்றையும் வெட்டுங்கள். வெட்டுமுகம் வெளிறி, கெட்டியாக இருக்கும் இடம் வரும்வரை வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். மழையில்லாத, காற்றோடும் இடத்தில் பத்திரிகைத் தாளின் மேல் மூன்று முதல் ஐந்து நாள் காயவிடுங்கள். பிறகு புதுக் கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்தே முதல் தண்ணீர். கிழங்கு முழுவதும் அழுகியிருந்தால், நல்ல இலையை 8 முதல் 10 சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டி, கீழ்ப்பக்கம் கீழே இருக்கும்படி ஈர மணலில் 2 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நடலாம். தலைகீழாக நட்டால் வேர் வராது. வெட்டியவுடனேயே கீழ்ப்பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் ஓரம் உள்ள வகையில் இலைத் துண்டிலிருந்து வரும் குட்டி வெறும் பச்சையாகவே வரும். மஞ்சள் ஓரம் வேண்டுமானால் கிழங்கைப் பிரித்துத்தான் நட வேண்டும்.

கலவைக்கு, தோட்டத்து மண்ணை அள்ளிப் போடாதீர்கள். தேயிலைக் காணி மண் களித்தன்மையும் புளிப்பும் கூடியது, அதன் பி.எச். பெரும்பாலும் 4.5க்கும் 5.5க்கும் இடையில். தேயிலைக்கு அது பொருந்தும், சாடியில் இறுகிக் கல்லாகிவிடும். எங்கள் மலைக்காலநிலைக்கான பொதுக் கலவை இது: தும்புத்தூள் 2 பங்கு, உமிக்கரி 1 பங்கு, கழுவிய பருமணலோ பயறளவு உடைத்த செங்கல்லோ 1 பங்கு, நன்கு மக்கிய கூட்டெரு 1 பங்கு. ஸ்னேக் பிளாண்ட், கற்றாழை, கள்ளி வகைகளுக்குச் செங்கல் துண்டை இரட்டிப்பாக்கி, தும்புத்தூளைப் பாதியாக்குங்கள். 650 கிராம் தும்புத்தூள் கட்டி ஒன்று நான்கு லீற்றர் நீரில் ஊறினால் சுமார் எட்டு லீற்றர் தூளாகும். அதில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் இரண்டு தடவை நல்ல நீரில் அலசிப் பிழிந்துவிட்டுப் பாவியுங்கள். கடற்கரை மணல் எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

சாடியின் அடியில் கல் அடுக்கினால் தண்ணீர் வடியும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. வடியாது. நுண்ணிய கலவையிலிருந்து பருங்கல்லுக்குள் நீர் இலகுவில் இறங்காமல், கல்லுக்கு மேலேயே தேங்கி நிற்கும்; ஈரப்பட்டை வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. துளையின் மேல் ஒரு வலைத்துண்டோ ஓட்டுத்துண்டோ போதும். பூச்சுப் பூசாத மண்சாடி சுவர் வழியாகவும் ஈரத்தை விடும். மேட்டு நிலத்துக்கு அதுவே பிளாஸ்டிக்கைவிட நல்லது. அளவில் வேர்க்கட்டியைவிட 2, 3 சென்ரிமீற்றர் அகலமான சாடியே போதும். சின்னச் செடியைப் பெரிய சாடியில் வைத்தால் வேர் எட்டாத மண் காயாமல் கிடந்து புளிக்கும்.

கேள்வி: எங்கள் வாடகை அறைக்கு வடக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று மட்டுமே. வடக்கு ஜன்னலில் வெயில் வராது, செடி வளராது என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையா?
– மாணவர், நுவரெலியா

பதில்: வடக்கே வெகு தூரத்தில் உள்ள நாடுகளுக்கு எழுதியது அது. நாம் இருப்பது வட அகலக்கோடு 7 பாகையில். ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்குப் பக்கம் போய்விடும், உங்கள் ஜன்னலுக்கு நேர் வெயிலே கிடைக்கலாம். செப்டெம்பரிலிருந்து மறு ஏப்ரல் வரை தெற்கு ஜன்னலின் முறை. ஜூனில் வடக்கே சாய்வது சுமார் 16 பாகை, டிசம்பரில் தெற்கே சாய்வது சுமார் 30 பாகை. அதனால் தாழ்வாரம் நீண்ட வீடுகளில் நண்பகல் வெயில் வடக்கு ஜன்னலுக்குள் எட்டாமல் போகலாம், தெற்கு ஜன்னலில் டிசம்பர் வெயில் உள்ளே விழும்.

நம் பகுதியில் மிகச் சிறந்தது கிழக்கு ஜன்னல். பல மாதங்களில் காலை தெளிந்திருக்கும், மத்தியானத்துக்குப் பின் முகில் மூடும். மேற்கு ஜன்னலுக்குக் கிடைக்க வேண்டிய வெயிலை மூடுபனி தின்றுவிடும்.

வெளிச்சம் போதுமா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. நடுப்பகலில் செடி வைக்கும் இடத்தில் வெள்ளைத்தாளை வைத்து, ஒரு சாண் உயரத்தில் கையைப் பிடியுங்கள். நிழலில் விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் பூக்கும் செடிகள் வைக்கலாம். கை வடிவம் மங்கலாகத் தெரிந்தால் மணி பிளாண்ட், ஸ்பைடர் பிளாண்ட், பீஸ் லில்லி. நிழலே விழாவிட்டால் அங்கே நிரந்தரமாக எதையும் வைக்காதீர்கள். ஜன்னலிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே தள்ளினாலே வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நம் கண் அதற்குப் பழகிக்கொள்வதால் தெரிவதில்லை.

நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் உறைபனி விழும். அந்த நாட்களில் கண்ணாடியை ஒட்டி எந்தச் செடியும் இருக்கக் கூடாது. மாலையில் ஓர் அடி உள்ளே நகர்த்துங்கள். திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே விட்டுவிட்டுத் திரையை மூடினால், அறைச் சூடும் எட்டாமல் செடி இரவு முழுக்க விறைக்கும்.

கேள்வி: குடித்து முடித்த தேயிலைச் சக்கையைச் சாடிகளில் போட்டு வருகிறேன். உரம் என்றுதானே சொல்கிறார்கள்? ஆனால் மண்ணின் மேல் வெள்ளைப் பூஞ்சணம், வீடு முழுக்கக் கொசு போன்ற சின்னக் கறுப்புப் பூச்சி.
– வாசகி, தலவாக்கலை

பதில்: சக்கை நல்ல உரமாகக்கூடியது, ஆனால் மக்கிய பிறகு. பச்சையாக மண்ணின் மேல் போட்டால் அது ஈரப் போர்வை. பாலும் சீனியும் கலந்திருந்தால் பூஞ்சணத்துக்கும் எறும்புக்கும் விருந்து. கூட்டெருக் குழியில் மற்றக் குப்பையோடு கலந்து, மூன்று, நான்கு மாதம் விட்டுப் பாவியுங்கள்.

அந்தப் பூச்சி கடிக்காது. ஈர மண்ணின் மேல் சில சென்ரிமீற்றருக்குள் முட்டையிடும். கறுப்புத் தலையுடைய கண்ணாடி போன்ற புழு, பூஞ்சணத்தையும் இளம் வேரையும் தின்னும். முட்டையிலிருந்து பறக்கும் பூச்சியாக மூன்று, நான்கு வாரம் ஆகும், ஆதலால் நீங்களும் குறைந்தது நான்கு வாரம் விடாமல் செய்ய வேண்டும். சக்கையையும் மேல் மண்ணில் 2 சென்ரிமீற்றரையும் சுரண்டி எறியுங்கள். அந்த இடத்தில் ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்குக் காய்ந்த பருமணல் பரப்புங்கள். தண்ணீரை அடியிலிருந்து மட்டும் கொடுங்கள்: சாடியை 20 நிமிடம் நீர்த்தட்டில் வைத்து எடுத்து, வடித்துவிடுங்கள். பறப்பவற்றைப் பிடிக்க, மஞ்சள் அட்டைத் துண்டில் வாசலின் தடவி மண்ணுக்குச் சற்று மேலே குத்தி வையுங்கள். மணல் மேல் ஈரம் தெரியாதவரை பூச்சி குறைந்துகொண்டே வரும்.

கேள்வி: ஆபிரிக்கன் வயலட் வாங்கி ஒரு வருடம். வாங்கும்போது இருந்த பூ உதிர்ந்தபின் ஒரு மொட்டும் இல்லை. இலைகளில் வெளிறிய வளையங்கள் விழுகின்றன. பீலித் தண்ணீர்தான் ஊற்றுகிறேன், சுத்தமான தண்ணீர். எங்கே பிழை?
– ஆசிரியை, பதுளை

பதில்: தண்ணீரின் சுத்தத்தில் குறையில்லை, குளிர்ச்சியில்தான். ஊற்றிலிருந்து நேரே வரும் பீலித் தண்ணீர் இலையின் சூட்டைவிட எட்டுப் பாகைக்கு மேல் குளிர்ந்திருந்து இலையில் பட்டால், அந்த இடத்துப் பச்சையம் சிதைந்து வளையமாக வெளிறும். அது கிருமியல்ல, பரவாது. பழைய வளையம் மறையவும் மறையாது. முதல் நாள் இரவே ஒரு போத்தலில் பிடித்து அறைக்குள் வைத்து, மறுநாள் அடித்தட்டில் ஊற்றுங்கள். நகரக் குழாய் நீரானாலும் இதே பழக்கம் நல்லது, குளோரினும் ஓரளவு போய்விடும். நடுக்குருத்தில் ஒரு சொட்டும் தங்கக் கூடாது. மலைக் குளிரில் அதுவே குருத்தழுகலுக்குப் போதும்.

இது தன்சானியாவின் உசம்பரா மலைகளைச் சேர்ந்த செடி. பாறை நிழலில், ஈரக் காற்றில், அதிகச் சூடும் அதிகக் குளிரும் இல்லாமல் வளர்ந்தது. 18 முதல் 24 பாகை வரை அதற்கு இதம். பதுளையும் கண்டியும் அதற்கு ஏற்ற ஊர்கள். நுவரெலியாவில் இரவில் அறை 15 பாகைக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும்.

பூக்காமல் இருப்பதற்கு முதல் காரணம் வெளிச்சக் குறைவு. இலைக்காம்பு நீண்டு இலைகள் மேல்நோக்கி நிற்கின்றனவா? வெளிச்சம் போதவில்லை. நடு இலைகள் சிறுத்து, இறுகி, வெளிறுகின்றனவா? கூடிவிட்டது. கிழக்கு ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணிக்குப் பின்னால் நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேர வெளிச்சம் வேண்டும். இரவில் எட்டு மணி நேரமாவது இருட்டும் வேண்டும். வாரம் ஒரு முறை சாடியைக் கால் வட்டம் திருப்புங்கள்.

இரண்டாவது காரணம் பெரிய சாடி. செடியின் இலைவிரிவு 24 சென்ரிமீற்றர் என்றால் சாடி 8 சென்ரிமீற்றர், அதாவது மூன்றில் ஒன்று. மூன்றாவது, தழைச்சத்து மிகுந்த உரம். யூரியா வேண்டவே வேண்டாம். அல்பேர்ட் கரைசல் போன்ற நீரில் கரையும் கலப்பு உரத்தைப் பொதியில் உள்ள அளவின் கால் பங்குக்குக் கரைத்து, செடி வளரும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுங்கள். மழை மூடிய மாதங்களில் உரமே வேண்டாம். உண்ணாத செடிக்குப் பரிமாறினால் உப்பு மண்ணில் தங்கி வேரைச் சுடும்.

செடிக்கு வயதாகி அடித்தண்டு மொட்டையாக நீண்டிருந்தால் இலையிலிருந்து புதுச் செடி எடுத்துக்கொள்ளுங்கள். நடு அடுக்கிலிருந்து முற்றாத, இளசும் அல்லாத இலையைக் காம்போடு ஒடித்து, காம்பை 3 சென்ரிமீற்றர் விட்டுச் சாய்வாகச் சீவுங்கள். தும்புத்தூளும் மணலும் சரிபாதி கலந்து, பிழிந்தால் சொட்டாத ஈரத்தில், 1 சென்ரிமீற்றர் ஆழம் மட்டும் சாய்த்து நடுங்கள். அடிப்பாகம் வெட்டிய பிளாஸ்டிக் போத்தலைக் கவிழ்த்து, மூடியைத் திறந்து விடுங்கள். மூடியோடு விட்டால் மலையில் பூஞ்சணம் பிடிக்கும். மூன்று, நான்கு வாரத்தில் வேர் வரும். இரண்டு, மூன்று மாதத்தில் குட்டிகள் தலைகாட்டும், குளிர்மாதமானால் இன்னும் தாமதம். குட்டியின் இலை உங்கள் பெருவிரல் நகத்தைவிடப் பெரிதானதும் பிரித்து நடலாம். அவசரப்பட்டுத் தோண்டிப் பார்ப்பதால் போகும் குட்டிகள் ஏராளம்.

கேள்வி: மணி பிளாண்டைப் போத்தல் தண்ணீரில் வளர்க்கிறோம். நுளம்பு பெருகும், எறியுங்கள் என்று அயலவர் சொல்கிறார்.
– வாசகர், கண்டி

பதில்: எறிய வேண்டாம். ஆனால் அயலவரின் கவலை முற்றிலும் நியாயமானது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஏழு முதல் பத்து நாளே போதும். ஆகவே ஐந்து நாளுக்கு ஒரு முறை நீரை மண்ணில் ஊற்றிவிட்டு, போத்தலின் உட்சுவரைத் தூரிகையால் தேயுங்கள். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டி, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நீரை மட்டும் மாற்றுவது பாதி வேலைதான். போத்தல் வாயில் தண்டைச் சுற்றிப் பஞ்சு அடைத்துவிடுங்கள். சாடிகளின் அடித்தட்டில் நிற்கும் நீருக்கும் இதே கவனம் தேவை; தட்டில் மணலை நிரப்பிவிட்டால் தொல்லை இல்லை. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுத்தல் சட்டத்தின்படி, வீட்டில் நுளம்பு பெருக இடம் கொடுப்பது குற்றம்.

கேள்வி: படுக்கையறையில் செடி வைத்தால் இரவில் நம் ஒட்சிசனை எடுத்துவிடுமா? இன்னொரு பக்கம், ஸ்னேக் பிளாண்ட் காற்றைச் சுத்தமாக்கும் என்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். இரவில் செடி சுவாசிப்பது உண்மை, ஆனால் பக்கத்தில் தூங்கும் ஒரு குழந்தை எடுக்கும் ஒட்சிசனோடு ஒப்பிட்டால் சில சாடிகள் எடுப்பது மிகச் சிறிது. காற்றைச் சுத்தமாக்கும் கதை, 1989இல் நாசா வெளியிட்ட ஓர் ஆய்விலிருந்து பரவியது. அது மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடந்த சோதனை. 2019இல் இத்தகைய பல ஆய்வுகளைத் திரட்டி மீண்டும் கணக்கிட்டபோது, ஜன்னல் கதவு உள்ள வீட்டில் சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீற்றருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டும் என்று தெரிந்தது.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். குளிர் நாளில் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை, ஆளைக் கொல்லும். எத்தனை செடி வைத்தாலும் அதைத் தடுக்காது. விறகடுப்புப் புகையில் எதிலீன் என்ற வாயுவும் உண்டு. அடுப்படிக்குப் பக்கத்துச் செடிகளில் மொட்டு விரியாமல் உதிர்வதற்கு அது ஒரு காரணம்.

கேள்வி: எங்களுடையது பழைய லயன் காம்பரா. உள்ளே சின்ன ஜன்னல் ஒன்று, பகலிலும் இருட்டு. பிள்ளைகள் செடி கேட்கிறார்கள். வழி உண்டா?
– தாயார், நோர்வூட்

பதில்: உண்டு. இரண்டு சோடியாக வளருங்கள். ஒரு சோடி இஸ்தோப்பில் மழை படாத ஓரத்தில், மறு சோடி உள்ளே. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இடம் மாற்றுங்கள். ஸ்னேக் பிளாண்ட், சீ சீ பிளாண்ட், ஸ்பைடர் பிளாண்ட் மூன்றும் இந்த மாற்றத்தைத் தாங்கும். உள்ளிருந்து எடுத்ததை நேரே உச்சி வெயிலில் வைக்காதீர்கள், இலை வெந்துவிடும். முதல் சில நாள் சுவரோரம் இருக்கட்டும். உள்ளே இருக்கும் இரண்டு வாரமும் பெரும்பாலும் தண்ணீரே வேண்டியிராது. இஸ்தோப்பில் வைத்திருக்கும்போது ஊற்றி, வடிந்தபின் உள்ளே கொண்டுவாருங்கள்.

விளக்கில் வளர்க்க விரும்பினால் 12 வாட் வெள்ளை எல்.ஈ.டி. குமிழ் ஒன்றைச் செடிக்கு மேலே 25 சென்ரிமீற்றரில் தொங்கவிட்டு, நாளுக்கு 12 மணி நேரம் எரியவிடுங்கள். மாதம் நான்கு அலகுக்குச் சற்று மேல் மின்சாரம் போகும். பிள்ளைகள் அதே வெளிச்சத்தில் படிக்கும்படி மேசையில் வைத்தால் செலவு வீணாகாது. சாடிக்குக் கடைக்குப் போக வேண்டாம். பால்மா தகரத்தின் அடியில் ஆணியால் எட்டு, பத்துத் துளை போட்டால் சாடி தயார், துருப்பிடிக்கும்வரை ஒரு வருடமாவது வரும். அடுப்புப் புகை படியும் இலைகளை மாதம் இரு முறை ஈரத்துணியால் துடையுங்கள். கரி படிந்த இலைக்கு இருக்கும் கொஞ்ச வெளிச்சமும் எட்டாது.

கேள்வி: சிம்பீடியம் ஓர்க்கிட் நான்கு வருடமாக வரவேற்பறையில் செழிப்பாக இருக்கிறது. இலை மட்டும்தான், பூவே இல்லை. காட்டோரத்தில் மரத்தில் ஒட்டியிருக்கும் ஓர்க்கிட்டையும் எடுத்து வளர்க்கலாமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: கரும்பச்சை இலை வளைந்து தொங்கினால் வெளிச்சம் குறைவு என்று அர்த்தம். சிம்பீடியத்தின் இலை இளம்பச்சையில், சற்று மஞ்சள் கலந்து இருக்க வேண்டும். வெளியே கொண்டுபோய், காலை வெயில் படும் கூரையோரத்தில் ஆறு மாதமாவது வையுங்கள். பூந்தண்டு உருவாக இரவு 10 முதல் 14 பாகை வரை குளிர வேண்டும், பகலுக்கும் இரவுக்கும் பத்துப் பாகையளவு வித்தியாசமும் வேண்டும். நம் மலை இதைச் செலவில்லாமல் கொடுக்கிறது. நீங்கள் செடியை உள்ளே வைத்து அதைத் தடுத்துவிட்டீர்கள். மொட்டுத்தண்டு ஒரு விரல் நீளம் வந்தபின் உள்ளே எடுத்தால் வாரக்கணக்கில் பூ நிற்கும். ஓகஸ்ட்டுக்குப் பிறகு தழைச்சத்தைக் குறையுங்கள். பிரிப்பதானால் பூ முடிந்தவுடன், ஒரு பிரிவில் குறைந்தது மூன்று குமிழ் இருக்கும்படி.

காட்டு ஓர்க்கிட்டைத் தொடாதீர்கள். நம் நாட்டு ஓர்க்கிட்டுகள் பல சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அதோடு, அந்த மரப்பட்டையிலுள்ள பூஞ்சணத்தோடு சேர்ந்து வாழும் செடி, வீட்டுக்கு வந்தால் மெல்ல மெல்லச் சாகும். பார்க்க ஆசையானால் 1861இல் தொடங்கிய ஹக்கலைப் பூங்காவுக்கோ பேராதனைக்கோ போய்வாருங்கள்.

கேள்வி: குரோட்டன், கற்றாழை இரண்டிலும் இலையிடுக்கில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருக்கிறது. கழுவினாலும் திரும்ப வருகிறது.
– வாசகி, கம்பளை

பதில்: மாவுப்பூச்சி. முதலில் அந்தச் சாடிகளைத் தனியே வையுங்கள். பஞ்சில் 70 சதவீத சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாகத் துடையுங்கள். மறுநாள் ஒரு லீற்றர் வெதுவெதுப்பான நீரில் வேப்பெண்ணெய் 5 மில்லிலீற்றர், பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரம் 2 மில்லிலீற்றர் கலந்து, குலுக்கி, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். ஏழு நாள் இடைவெளியில் நான்கு தடவை. திரும்ப வருவதற்குக் காரணம், பஞ்சுக்குள் இருக்கும் முட்டைகள் முதல் தடவையில் தப்பிவிடுவது. இன்னொரு காரணம் எறும்பு: மாவுப்பூச்சியின் தேன்கழிவுக்காக அதைச் செடிவிட்டுச் செடி காவிச் செல்லும், அதன் எதிரிப் பூச்சிகளையும் விரட்டும். சாடியை நீருள்ள தட்டின் நடுவில் ஒரு கல்லின் மேல் வைத்து எறும்பின் வழியை அடையுங்கள், தட்டு நீரை நுளம்புக்காக ஐந்து நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். நான்கு தடவைக்குப் பின்னும் போகாவிட்டால் சாடியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வேரில் வெள்ளை மா இருந்தால் பழைய மண்ணை முழுதும் எறிந்து, வேரைக் கழுவி நடுவதே வழி.

கேள்வி: குசினி ஜன்னலில் கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா மூன்றும் வைக்க ஆசை.
– வாசகி, நானுஓயா

பதில்: கறிவேப்பிலையை விட்டுவிடுங்கள், உங்கள் குளிரில் அது துளிர்க்காமல் நின்றுபோகும், ரம்பையும் அப்படியே. கொத்தமல்லிக்கு உங்கள் ஊர் சொர்க்கம், வெக்கையில்தான் அது சீக்கிரம் பூத்து வீணாகும். விதையைச் செருப்படியில் மெல்ல உருட்டி இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவிட்டு, 1 சென்ரிமீற்றர் ஆழத்தில் 15 சென்ரிமீற்றராவது ஆழமான சாடியில் தூவுங்கள். வேர் நேரே இறங்குவது, இடம் மாற்றி நட்டால் முரண்டு பிடிக்கும். முளைக்க இரண்டு, மூன்று வாரம் எடுக்கலாம். புதினாவுக்குக் கடையில் வாங்கிய கட்டில் ஒரு தண்டு போதும்: கீழ் இலைகளை எடுத்துவிட்டு நீரில் வைத்தால் பத்து நாளில் வேர். அதற்குத் தனிச் சாடி கொடுங்கள், பக்கத்துச் செடியை நெருக்கிவிடும்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. புள்ளிபோட்ட பெரிய இலையுள்ள டம்ப் கேன் செடியை வீட்டில் வைக்கலாமா?
– தந்தை, வட்டவளை

பதில்: குழந்தை வளரும்வரை வேண்டாம். அதன் இலையிலும் தண்டிலும் ஊசி போன்ற கல்சியம் ஒக்சலேட் படிகங்கள் நிறைந்திருக்கின்றன. கடித்தவுடன் நாக்கும் உதடும் எரிந்து வீங்கும். மணி பிளாண்ட், அந்தூரியம், பீஸ் லில்லி ஆகியவற்றிலும் இவை உண்டு, டம்ப் கேனில் பாதிப்பு கடுமையாக இருக்கக்கூடும். கடித்துவிட்டால் வாயிலுள்ள துண்டுகளை விரலால் எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, குளிர்ந்த நீரோ பாலோ சிறிது சிறிதாகக் கொடுங்கள். வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். எச்சில் வடிந்துகொண்டே இருந்தாலோ, குரல் மாறினாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள், செடியின் ஒரு துண்டையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். முற்றத்தில் மணி போல் தொங்கும் ஊமத்தை வகைப் பூ இருந்தால் அது இதைவிடப் பல மடங்கு ஆபத்து. பூவைப் பறித்து உள்ளே சாடியில் வைப்பதும் கூடாது.

குழந்தை உள்ள வீட்டுக்கு ஸ்பைடர் பிளாண்ட், ஆபிரிக்கன் வயலட், பொஸ்டன் பன்னம் மூன்றும் நஞ்சில்லாதவை. டம்ப் கேனை வெட்டி அப்புறப்படுத்தும்போது கையுறை போடுங்கள். பால் கண்ணில் தெறித்தால் ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு வைத்தியரைப் பாருங்கள்.